ஐந்தில் நான்கு சுண்டெலிகள் சொன்ன சாட்சி

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சபாரத்தினம் காலமாகிவிட்டாராம். போன வாரம் பத்திரிகையில் படம் போட்டு நாலு வரி எழுதியிருந்தார்கள். தோட்டத்து ஏழைகளின் உயிரைக் காத்த உத்தமர் என்று இருந்தது. எத்தனை உயிரைக் காத்தாரோ எனக்குத் தெரியாது. ஓர் உயிரை எமனுக்கு வாரிக் கொடுக்கப் பார்த்தார், அது என் உயிர். "செத்தவரப் பத்தி இப்ப எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். டிரெசர் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து நடமாடிய காலத்தில் அவரைப் பற்றிப் பேச யார் விட்டார்கள்? இதைப் படிக்கும் பெண்களுக்குப் பிரயோசனமாக இருக்கும் என்றும்தான் எழுதுகிறேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன். முதல் காரணம் ஆத்திரம்.

நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில். நாங்கள் மலாயாவில் காம்பாருக்கு உள்ளே ஏழெட்டு மைல் தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் அப்பா அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அதனால் எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும். என்னைக் கட்டியவர் காத்தமுத்து, பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். கல்யாணம் ஆனதும் நானும் உளியும் வாளியுமாக அவர் பின்னால் மர நிரைக்குப் போனேன். நாலு வருஷமாகக் குழந்தை இல்லை. எங்கள் லயத்து வரிசையில் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு வீட்டுக்கும் என் வயிற்றின் மேல்தான் கண்.

அந்த மாதம் எனக்குப் பதினைந்து நாள் தள்ளிப்போயிற்று. காலையில் புளித்த ரப்பர் பால் வாடை மூக்கில் ஏறினால் குமட்டியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எனக்கு இரண்டு மாங்காய் கொண்டுவந்து கொடுத்தாள். பதினாறாம் நாள் ரத்தம் பட்டது. வழக்கம்போல இல்லை. கொஞ்சமாக, கறுப்பாக, காப்பி வண்டல் மாதிரி. வலது அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. ஆனாலும் ரத்தம் ரத்தம்தானே. வழக்கப்படி ஒதுங்கி உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் லயத்துக் குழாயடியில் அரப்புத் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

அவ்வளவுதான். குழாயடியில் ஒரு பெண் ஈரத்தலையோடு நின்றால் அது தோட்டம் முழுக்கத் தண்டோரா போட்டதற்குச் சமம். முழுகாமல் இருந்தால் பிள்ளைத்தாச்சி. முழுகிவிட்டால் ஒன்றுமில்லை. "மரகதம் முழுகிட்டாளாம்" என்று பன்னிரண்டு வீட்டிலும் பேச்சு முடிந்துவிட்டது. நானும் அப்படித்தான் நம்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குமட்டல் மட்டும் நிற்கவில்லை. குளித்த தலைக்கும் குமட்டலுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லையே என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு நாள் கழித்து வலி கூடியது. அடிவயிற்றில் குத்தி, படுத்தால் வலது தோள்பட்டைக்கு ஏறியது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை, எட்டுக் கட்டில், ஒரு மருந்து அலமாரி. டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் டிரெசர்தான் டாக்டர், டிரெசர்தான் கடவுள். சபாரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலீஷ் படித்தவர், துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவருக்குத்தான் நாற்காலி. அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கேட்டார்:

"எப்ப முழுகினனீ?"

"ரெண்டு நாள் ஆச்சுங்கையா. ஆனா..."

"முழுகினனி எல்லே? பிறகென்ன ஆனா?"

"ரத்தம் கறுப்பா இருந்துச்சுங்க. அதுக்கு முன்னாடி பதினஞ்சு நாளு தள்ளி..."

"முழுகினவளுக்கு ஏது பிள்ளை? வயித்திலை காத்து. எண்ணெய் தாறன், குடி."

"தோள்பட்டையும் குத்துதுங்கையா."

அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வயித்து நோவுக்குத் தோள் ஏன் நோகுது? வேலைக்குக் கள்ளமடிக்கிறதுக்கு நல்லாக் கதை கட்டுறாய்" என்றார். ஒரு கோப்பை விளக்கெண்ணெயை என் வாயில் ஊற்றவைத்தார். கங்காணிக்கு ஒரு சீட்டுத் தமிழில் எழுதி என் கையில் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. போகிற வழியில் படித்தேன். முழுகியாயிற்று, கர்ப்பமில்லை, வேலைக்கு ஆகும் என்று எழுதியிருந்தது. என் உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் எழுதிய தீர்ப்பு அது.

மறுநாள் விடிகாலை வேலைக்குப் போனேன். விளக்கெண்ணெய் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம். பதினேழாவது மரமோ பதினெட்டாவது மரமோ, உளியை வைத்தது நினைவிருக்கிறது. பிறகு கண் இருட்டியது. விழித்தபோது பாக்கியம் அக்கா மடியில் கிடந்தேன். முகமெல்லாம் வேர்வை. "இது என்ன காத்துலா? பொணம் மாரி வெளுத்துப் போய்க் கெடக்கா, இவரு காத்துங்குறாரு!" என்று அவள் கத்திய கத்தலில் கங்காணி ஓடிவந்தார். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு இதை எழுத நான் இல்லை.

என்னை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் டிரெசருக்கு இப்போது வழியில்லை. ரப்பர் ஷீட் ஏற்றிப் போகும் லாரியில் காம்பார் வரை, அங்கிருந்து ரயில். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, காதோடு காதாக ஒரு சேதி சொன்னார். கர்ப்பம் இல்லாதவளுக்கு அடிவயிறு இப்படி நோகிறது என்றால் அது கெட்ட நோய், ஆம்பிளையிடமிருந்து தொற்றுகிற நோய், உனக்கு இல்லை என்றால் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேள். இதுதான் சேதி.

லாரியில் என் வீட்டுக்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரவில்லை. என் வலியைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள். காம்பார் ஸ்டேஷனில் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தார். நான் குடித்த குவளையைத் திரும்ப வாங்காமல் பெஞ்சிலேயே விட்டுவிட்டு நடந்தார். அப்போதுதான் கேட்டேன், "என்னாங்க, டிரெசரு என்னா சொன்னாரு?" என்று. சொன்னார். சொல்லிவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல மரகதம்" என்றார். அன்றைக்கு எனக்கு இருபத்திரண்டு வயது. அவர் முகத்தைத் தவிர வேறு ஆம்பிளை முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. வயிற்று வலி அந்த நிமிஷம் எனக்கு மறந்தே போய்விட்டது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நீளமாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் கல் மலை வெள்ளையும் கறுப்புமாக நின்றது. பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். கடிதத்தைப் படித்தார், கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னைப் பார்த்தார், ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒத்தடம் கொடுத்துப் படுக்கவைத்து, குறைந்ததும் வீட்டுக்கு அனுப்பு என்று சொன்னாராம். கெட்ட நோய் என்ற டிரெசரின் கடிதம் எனக்கு முன்னாலேயே கட்டிலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் நர்ஸ் நேசம்மா மிஸ்ஸி வந்தாள். அவளும் யாழ்ப்பாணம்தான், கிறிஸ்தவ வேதக்காரி, முப்பது வயதிருக்கும். அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். "கடைசியா எப்ப முழுகினனீங்கள் பிள்ளை?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை.

"மூணு நாளு ஆச்சு மிஸ்ஸி. ஆனா..."

"ஆனா? என்ன ஆனா? சொல்லுங்கோ."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று கேட்ட முதல் ஆள் அவள். தள்ளிப்போன பதினைந்து நாள், கறுப்பு ரத்தம், குமட்டல், தோள்பட்டை, எல்லாம் சொன்னேன். தோள்பட்டை என்றதும் அவள் சிரிக்கவில்லை. எழுந்து வேகமாக நடந்து போனாள். அரை மணியில் லேடி டாக்டரை அழைத்து வந்தாள். நாங்கள் டாக்டரம்மா என்போம். சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நெட்டையாக இருப்பார், சத்தமாகப் பேசுவார்.

டாக்டரம்மா கையுறை போட்டுச் சோதித்தார். வலித்தது, பல்லைக் கடித்தேன். அப்புறம் ஒரு தாளில் படம் போட்டு, மிஸ்ஸியைத் தமிழில் சொல்லச் சொன்னார். நடுவில் கருப்பை, ஒரு பேரிக்காய் அளவு. இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய குழாய். கரு அந்தக் குழாய் வழியாக நடந்து வந்து பையில் தங்க வேண்டும். சில சமயம் வராமல் வழியிலேயே, குழாயிலேயே தங்கிவிடும். குழாய் விரியாது, ஒரு கட்டத்தில் கசியும், அல்லது வெடிக்கும். அப்போது வெளியே கொஞ்சம் ரத்தம் படும், மாதவிலக்கு மாதிரியே இருக்கும், ஆனால் அது மாதவிலக்கு இல்லை. உள்ளே கசிகிற ரத்தம் மேலேறி மூச்சுத் தசைக்குக் கீழே தேங்கினால் தோள்பட்டையில் வலிக்கும். இரண்டுக்கும் ஒரே நரம்பு.

"அப்ப நான் முழுகாம இருக்கேனா?" என்று கேட்டேன்.

மிஸ்ஸி அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தவித்தாள். தலைக்குக் குளித்தும் முழுகாமல் இருக்கிற பெண் என்று சொன்னால் எந்தச் சீமை டாக்டருக்குப் புரியும்? கடைசியில் எப்படியோ சொன்னாள். டாக்டரம்மா தோளைக் குலுக்கினார். இருக்கலாம், கெட்ட நோயாகவும் இருக்கலாம். கை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், பக்கத்தில் ஒரு கட்டி. பெரிய டாக்டர் ஆதாரம் இல்லாமல் வயிற்றைக் கிழிக்க விடமாட்டார். ஆதாரத்துக்கு ஒரு வழி இருக்கிறது, எலி.

எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் விளக்கினார். கரு பிடித்ததும் பெண்ணுடம்பில் ஒரு சாறு ஊறுகிறது. ரத்தத்தில் ஓடுகிறது, சிறுநீரில் வழிகிறது. இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே ஹார்மோன் என்று படிக்கிறார்கள், அன்றைக்கு அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. பருவம் வராத பெண் சுண்டெலிக் குஞ்சுகளுக்கு அந்தச் சிறுநீரை ஊசியில் குத்தினால், குஞ்சின் சினைப்பை வயசுக்கு மீறிப் பழுத்து அதில் ரத்தப் பொட்டு விழும். கர்ப்பம் இல்லாதவளின் சிறுநீர் என்றால் பொட்டு விழாது. ஜெர்மனியில் ஒன்றிரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்த முறை. டாக்டரம்மா சொந்த ஆசையில் கோலாலம்பூரிலிருந்து கூண்டில் எலி வரவழைத்து வைத்திருந்தார். மற்ற டாக்டர்கள் கேலி செய்வார்களாம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கரு உள்ளேயே செத்துச் சில நாளாகியிருந்தால் சாறு வற்றிப்போகும், எலி பொட்டுக் காட்டாது. அப்படி ஆனால் நான் கெட்ட நோய்க்காரி என்று பெரிய ஆஸ்பத்திரியே முத்திரை குத்திவிடும். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் புருஷன் ஏற்க மாட்டார். குழாய் மறுபடி கசிந்தால் கேட்க ஆளில்லாமல் சாவேன். முடிவு தெரிய ஐந்து நாள் ஆகும். நடுவில் திடீரென்று வலி ஏறினால் யாரையும் கேட்காமல் அறுத்துவிடுவேன் என்று டாக்டரம்மா சொன்னார். ஆக, என் உயிரும் என் மானமும் ஐந்து சுண்டெலிகள் கையில்.

முதல் இரண்டு நாளும் காலை, மத்தியானம், சாயங்காலம் ஊசி. எனக்கில்லை, எலிக்கு. கூண்டு வார்டுக்குப் பின்னால் வராந்தாவில் இருந்தது. மிஸ்ஸி கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஒருமுறை காட்டினாள். பஞ்சு மாதிரி ஐந்து, என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. அவற்றைப் பார்த்து, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சாகப் பயம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் செத்தால் சபாரத்தினத்தின் சீட்டுத்தானே கடைசிப் பேச்சாகிவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

மூன்றாம் நாள் பாக்கியம் அக்கா வந்தாள். அரைநாள் வேலையை விட்டு, ரயிலேறி, தூக்குச் சட்டியில் ரசஞ்சோறு கொண்டுவந்திருந்தாள். நான் எலிக் கதையைச் சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"புள்ளையாரு வாகனத்தக் குத்திக் கொல்லப் போறாளா அந்த வெள்ளக்காரி? பாவம்லா!"

"பாவந்தான்க்கா. ஆனா வேற சாட்சி யாரு இருக்கா எனக்கு?"

"சரி, புள்ளையாருகிட்ட நான் பேசிக்கிறேன். அஞ்சு வண்டிய குடுத்துட்டாரு, அவருக்கு அஞ்சு தேங்காய நான் ஒடைக்கிறேன்" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், வலித்தது. அப்புறம் வீட்டுச் சேதி கேட்டேன். முதலில் மழுப்பினாள். விடாமல் கேட்டதும் சொன்னாள். என் வீட்டுக்காரர் என் தட்டையும் குவளையையும் தனியாக எடுத்துக் கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாராம். என் பாயைச் சுருட்டி வெளியே போட்டாராம். "பயந்து போயிட்டான்டி, அறிவு கெட்டவன்" என்று அக்கா அவருக்காகப் பேசினாள். ஊட்டிவிட்ட சோற்றைக் கடைசிப் பருக்கை வரை தின்றேன். பிழைத்துப் போய்க் கேட்க வேண்டியது இப்போது இரண்டு பேரை.

அன்று சாயங்காலம் எலிகளில் ஒன்று செத்துப்போயிற்று. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, சில குஞ்சு தாங்காது என்று மிஸ்ஸி சொன்னாள். நான் நம்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனத்தி, ஈயம் அலசுகிற வேலை செய்கிறவள், காலில் புண். நான் அழுவதைப் பார்த்து, "ஜாங்கான் தாக்குட், ஜாங்கான் தாக்குட்" என்று மலாயில் பயப்படாதே என்று சொல்லி, தன்னுடைய உப்புப் பிளம்மில் பாதியைக் கடித்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் காலை டாக்டரம்மா வருவதற்கு முன்பே அவர் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு, ஒரு பூதக்கண்ணாடி. என் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு காட்டினார். கடுகளவு ஏதோ. அதன்மேல் ஊசிமுனை அளவில் சிவப்புப் பொட்டுகள். நாலு எலியிலும் பொட்டு. டாக்டரம்மா என்னென்னவோ சொன்னார், மிஸ்ஸி தமிழில் சொல்வதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எலி கர்ப்பம் என்று மட்டும்தான் சொல்லும், எங்கே என்று சொல்லாது. டாக்டரம்மாவின் விரலோ கருப்பை சின்னதாக, காலியாக இருக்கிறது, பக்கத்தில் கட்டி இருக்கிறது என்று சொல்லியது. இரண்டையும் சேர்த்தால் கரு குழாயில் இருக்கிறது. பெரிய டாக்டர் தட்டைப் பார்த்துவிட்டு, சரி என்று ஒற்றை வார்த்தை சொன்னாராம்.

அன்று மத்தியானமே அறுத்தார்கள். முகத்தில் துணி மூடி, குளோரோபாம் சொட்டவிட்டு, எண்ணச் சொன்னார்கள். தமிழில் எண்ணினேன், ஒன்பது வரை போனது நினைவிருக்கிறது. உள்ளே பழைய ரத்தம் கட்டி கட்டியாக இருந்ததாம். வலது குழாய் நுனியில் கிழிந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் தோட்டத்தில் இருந்திருந்தால் முடிந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. இடது குழாய் நன்றாக இருக்கிறது, பிள்ளை பெறலாம் என்றும் சொன்னார். பிறகு இரண்டு பெற்றேன்.

ஆனால் அந்த முதல் பிள்ளையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோய் என்றார்கள், கட்டி என்றார்கள், குழாய் என்றார்கள். ஏழு வாரம் என் உடம்பில் ஒரு பிள்ளை இருந்தது, வழி தெரியாமல் நின்றுவிட்டது. அது இருந்தபோது நான் தலை முழுகி அது இல்லை என்று ஊருக்குச் சொன்னேன். அந்தக் குற்றத்துக்கு நான் யாரையும் பழிசொல்ல முடியாது.

மறுநாள் என் வீட்டுக்காரர் வந்தார். மிஸ்ஸி அவரை வராந்தாவில் நிறுத்தி எல்லாம் சொன்னாள். அவள் குரல் எனக்குக் கேட்டது: "உங்கட மனுசிக்கு ஒரு நோயுமில்லை. உங்கட பிள்ளைதான் அவவைச் சாகடிக்கப் பாத்தது. விளங்குதோ?" அவர் உள்ளே வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையில் புதுக் குவளை ஒன்று வாங்கி வந்திருந்தார், பூப்போட்ட பீங்கான். அதை மிஸ்ஸிக்குக் கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். மிஸ்ஸி படித்து அர்த்தம் சொன்னாள். இந்தப் பெண் பிள்ளைத்தாச்சியாக இருந்தாள், கரு குழாயில் இருந்தது. இவளுக்குக் கெட்ட நோய் எதுவும் இல்லை. உங்கள் டிரெசர் சொன்னது தவறு, அதனால் இவள் சாகப் பார்த்தாள். நான் கேட்டேன், "மிஸ்ஸி, இத இங்கிலீசுல எப்படிச் சொல்றது?" மிஸ்ஸி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. தோட்டத்தில் ஆஸ்பத்திரித் தாள் டிரெசர் கைக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். தையல் ஆறும் பதினெட்டு நாளும் அந்த வரிகளைச் சத்தமாகவே பாடமாக்கினேன். கடைசியில் பக்கத்துக் கட்டில் சீனத்திக்கும் மனப்பாடமாகிவிட்டது. நான் தடுக்கினால் அவள் எடுத்துக்கொடுப்பாள்.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போனேன். பெரட்டு என்றால் வேலைக்கு முன் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் களம். இருநூறு பேர் இருப்பார்கள். புதுத் துரை மேசைக்குப் பின்னால் நின்றார். வந்து ஆறு மாதம், வா போ தவிர தமிழ் தெரியாது. டிரெசர் அவருக்குப் பக்கத்தில். நான் நேராகப் போய்க் கடிதத்தைத் துரையிடம் நீட்டினேன். ஆஸ்பத்திரிக் காகிதம் என்றதும், வழக்கம்போல அவர் பிரிக்காமலே டிரெசரிடம் கொடுத்தார்.

சபாரத்தினம் பிரித்தார். கண் மேலும் கீழும் ஓடியது. மடித்தார். "பெரியாஸ்பத்திரியிலை இருந்து எழுதியிருக்கினம். நோய் சுகமாம். பதினைஞ்சு நாள் லேசான வேலை குடுக்கட்டாம்" என்று கூட்டத்துக்குச் சொல்லி, துரையிடம் இங்கிலீஷிலும் ஏதோ சொல்லி, கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

நான் துரையைப் பார்த்தேன். வயிற்றுத் தையல் இழுக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"திஸ் உமன் வாஸ் வித் சைல்ட், இன் த டியூப். ஷி ஹாட் நோ டிசீஸ். யுவர் டிரெசர் வாஸ் ராங், சார். ஷி நியர்லி டைட்."

துரை பேர்ப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். டிரெசரிடம் கையை நீட்டினார். கடிதம் பையிலிருந்து வெளியே வந்தது. துரை ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார். அதைத் திரும்ப டிரெசரிடமே கொடுத்து, "இன் டமில். ஆல் ஆஃப் இட்" என்றார்.

"இந்தப் பொம்பிளை... பிள்ளைத்தாச்சியா இருந்தவ..." என்று சபாரத்தினம் ஆரம்பித்தார்.

"கேக்கலைங்கையா!" பின்வரிசையில் பாக்கியம் அக்கா.

மறுபடி சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இருந்து கேட்கவில்லை என்றார்கள், ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொன்னார். கெட்ட நோய் இல்லை என்பதை மூன்று தடவை. டிரெசர் சொன்னது தவறு என்ற இடம் வந்ததும் அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. அவர் வேலை போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதமும் அதே நாற்காலி, கடைசியில் பத்திரிகையில் படம். ஆனால் அந்தக் காலை எனக்கு இனித்தது. இன்றும் இனிக்கிறது, வெட்கப்படவில்லை.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் வந்து என் கையைத் தொட்டார். "வா புள்ள, வீட்டுக்குப் போலாம்" என்றார். நான் அசையவில்லை.

"நீங்களும் சொல்லுங்க" என்றேன்.

"என்னாத்த?"

"நீங்க நம்புனது தப்புன்னு. எல்லாரும் போறதுக்குள்ள."

போன கால்கள் நின்றன. இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மண்ணைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. வாய்க்குள்ளேயே என்னவோ சொன்னார்.

"கேக்கலை" என்றேன்.